முப்பத்தாறில் ஒன்றுகூட இல்லை

எக்ஸ்ரே அக்காவுக்கு வந்தது லேசுப்பட்ட பொறாமை இல்லை. பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்து நின்றாலும், கூட வேலை பார்ப்பவளுக்குப் பதவி உயர்ந்தாலும் "நல்லா இருக்கட்டும்" என்று மனதாரச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவள் அவள். அவளுடைய பொறாமை ஓர் எண்ணின் மேல். முப்பத்தாறு என்கிற எண்ணின் மேல். யாரும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

பதினேழு வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில், தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத அறையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க... ஆடாதீங்க... ம், விடுங்க." ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் மகள் அழுதுகொண்டு வந்தால்கூட வாயில் முதலில் வருவது "ஆடாதீங்க" என்பதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் ஃபிலிம். இருட்டறைக்குள் சிவப்பு விளக்கில் தட்டுத்தடுமாறி மருந்துத் தண்ணீரில் கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைக்க வேண்டும். எந்த சோப்புப் போட்டாலும் கையை விட்டு அந்த நாற்றம் போகாது. கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான். இப்போதெல்லாம் பட்டனை அமுக்கினால் நாலே விநாடியில் திரையில் நெஞ்செலும்பு வந்து நிற்கிறது. இருட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோது அவள் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எத்தனையாவது மாடியில் முரண்டு பிடிக்கிறது என்று அவர் ஃபோனுக்குத் தானாகவே செய்தி வந்துவிடும். நடக்கிற அடியை எண்ணுகிற வாட்ச் கையில். கம்பியில்லாமல் பாடுகிற சமாச்சாரம் காதில். இத்தனையையும் மாட்டிக்கொண்டு, கூடவே கழுத்தில் இரும்புக்கட்டி மாதிரி ஒரு பழைய ஃபிலிம் கேமராவையும் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். இரண்டு வருடத்துக்கு முன்னால், காலி செய்த கட்டடம் ஒன்றில் வாட்ச்மேன் குப்பையில் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தது.

கொண்டுவந்த அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தார். கர்ரக் என்றது. பட்டனை அமுக்கினார். ட்டக் என்றது. மறுபடி கர்ரக், மறுபடி ட்டக். அரைமணி நேரம் இதே கச்சேரி. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கொஞ்சுகிறவர் மாதிரி முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"ஃபோன்ல இல்லாத கேமராவா இதுல இருக்கு?" என்றாள் அவள்.

"அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். அது ஒரு ருசி, இது ஒரு ருசி" என்று அவள் பக்கம் திருப்பினார்.

"எடுத்தா உடனே காட்டுவீங்களா?"

"முப்பத்தாறு படமும் முடியணும். முடிஞ்சு கழுவினாத்தான் தெரியும்."

"நல்லா இல்லன்னா அழிச்சிடலாமா?"

"ஃபிலிம்ல எங்க போய் அழிக்கிறது?"

"அப்ப என்ன ஆள விடுங்க. அழிக்க முடியாத படம் எனக்கு வேண்டவே வேண்டாம். என்ன ஃபோன்லயே எடுங்க."

அவள் ஃபோனில் படம் எடுத்துக்கொள்கிற அழகு அவருக்குத் தெரியும். பன்னிரண்டு எடுக்கச் சொல்வாள். கண் மூடியிருக்கு, கழுத்து குண்டா தெரியுது என்று பதினொன்றை அங்கேயே அழிப்பாள். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் கேமராவைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சை அவள் அன்று மாலையே மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை என்பதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம்.

முதல் ஆறு மாதம் அவள் அந்தக் கேமராவைச் சட்டை செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தாள். பால்கனியில் மகள் தலைதுவட்டிக்கொண்டு நின்றாள். இவர் கேமராவைக் கண்ணில் வைத்தார், வைத்தவர் எடுக்கவில்லை. ஓரடி நகர்ந்தார். குனிந்தார். காத்திருந்தார். அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்று, ட்டக். அப்புறம்தான் மூச்சை விட்டார். ஊரெல்லாம் அவள் கெஞ்சிக் கெஞ்சிப் பிடிக்கவைக்கிற மூச்சை இந்த மனுஷர் யாரும் சொல்லாமல் தானாகவே பிடிக்கிறார். அவளைப் படமெடுக்கும்போது என்ன செய்வார்? யாரிடமோ லிஃப்ட் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே, கையில் எந்த ஃபோன் இருந்தாலும் சரி, அதை நீட்டி டப்டப்பென்று பத்து தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிற்றுக்குள் முதல் தீக்குச்சி உரசியது.

தீயில் எண்ணெய் ஊற்ற மகள் இருந்தாள். பன்னிரண்டு வயசு, வாய் மட்டும் நாற்பது. "அம்மா, அப்பா கேமராவுல என்ன இதோட ஒன்பது எடுத்தாச்சு. உன்ன ஒண்ணுகூட இல்ல, பாத்தியா?"

"எனக்கு எதுக்குடி அந்த ஓட்டைக் கேமரா?"

"மாடிப் பூனைய நாலு எடுத்திருக்காங்கம்மா."

பூனைக்கு நாலு. அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் படம் எத்தனையாவது என்று அவர் குறித்துவைக்கிற சின்ன நோட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கும். சட்டை துவைக்கப் போடுகிற சாக்கில் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். மோட்டார் அறை ஜன்னல். தங்கை வீட்டு வாசல். கிரீஸ் டப்பா. ஆமாம், கிரீஸ் டப்பா! ரோலுக்கு முப்பத்தாறு, இரண்டு வருடத்தில் பதினோரு ரோல், கிட்டத்தட்ட நானூறு படம். அதில் கட்டிய பெண்டாட்டி ஒரு இடத்தில்கூட இல்லை. ஃபோனில் அவள் நாலாயிரத்துக்கு மேல் இருந்தாள். அந்த நாலாயிரத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு முப்பத்தாறில் ஒன்றை வாங்கிக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். ஆனால் வாய்விட்டுக் கேட்பாளா? கேட்டு வாங்கினால் அது என்ன படம் என்று வீம்பு.

பன்னிரண்டாவது ரோலில்தான் வந்தாள் ஐந்தாம் மாடி டீச்சர். நோட்டில் பதினான்கிலிருந்து பதினேழு வரை ஒரே வரி: 'ஐந்தாம் மாடி பியானோ டீச்சர், ரெக்கார்டு பிளேயர்.'

சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பேச்சைக் கொடுத்தாள். "அந்தப் பியானோ டீச்சர் கட்டடத்துல லிஃப்ட் இன்னும் தகராறுதானா?"

"ஆமா, மாசத்துக்கு ரெண்டு தடவ நின்னுடுது."

"தானா நிக்குதா, நீங்க நிறுத்துறீங்களா?"

அவர் சிரித்தார். வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "அவங்க நம்ம ஆளு மாதிரிதான். ஃபோன்ல சொன்னா பாடுற ஸ்பீக்கரும் வச்சிருக்காங்க, பக்கத்துலயே ரெக்கார்டு பிளேயரும் வச்சிருக்காங்க. அந்த ஊசியத் தூக்கித் தட்டு மேல வைக்கும்போது பாக்கணும், கை அவ்வளவு நல்லா இருக்கும்."

கை நல்லா இருக்குமாம். பதினேழு வருடமாக எத்தனையோ பேருடைய உடைந்த கைகளை வலிக்காமல் நேராக்கிப் பலகையில் வைக்கிற கை ஒன்று எதிரிலேயே தட்டில் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை.

விதி என்று சொல்லுங்கள், அவருடைய சோம்பல் என்று சொல்லுங்கள், அந்த ரோலைக் கழுவக் கொடுக்கிற வேலை அவளிடமே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை கட்டைவிரல் பருமனில் அந்த ஃபிலிம் டப்பியை அவள் கையில் வைத்து, "உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர ஸ்டுடியோ இருக்கில்ல, அங்க குடுத்துடு. எனக்கு இன்னிக்கு அந்தப் பக்கம் வேலையில்ல. பத்திரம்" என்றார். பத்திரமாம்.

நாள் முழுக்க அது அவள் கோட்டுப் பையில் தொடையை இடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கடைசி நோயாளி, கணுக்கால் பிசகிய ஓர் ஆள், நொண்டிக்கொண்டு போனதும் அறைக் கதவைச் சாத்தினாள். டப்பியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். எக்ஸ்ரே பட்டால் ஃபிலிம் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது? இருட்டறைக் காலத்தில் ஃபிலிம் பெட்டியை கதிரை மறைக்கிற ஈயச்சுவருக்கு மிஷின் இருக்கிற பக்கம் மறந்து வைத்துவிட்டுத் திட்டு வாங்கினவள் ஆயிற்றே. மூடியைத் திறக்க வேண்டாம், கீறல் விழாது, ஒரு தடயம் இருக்காது. ஸ்டுடியோக்காரன் கெடுத்துவிட்டான் என்று ஆகிவிடும்.

கம்ப்யூட்டர் பேர் கேட்டது. பேரும் வயசும் இல்லாமல் அந்த மிஷின் வேலை செய்யாது. பேர்: டெஸ்ட். வயசு: 2. உறுப்பு: இடுப்பு. அவள் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கதோஷத்தில் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று வாய் சொல்லிவிட்டது. பிடித்தது அவள்தான். இடுப்பெலும்புக்குக் கொடுக்கிற அளவை மூன்று தடவை கொடுத்தாள். ஒன்று டீச்சருக்கு, ஒன்று பூனைக்கு, ஒன்று கிரீஸ் டப்பாவுக்கு. திரையில் மேலோடும் நடு அச்சும் சுருளுமாக அந்த டப்பி அழகாகத் தெரிந்தது. அப்புறம் எதிர்ச்சாரிக்குப் போய் அதை ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் கூப்பிட்டார். "எக்ஸ்ரே அக்கா, இந்த ரெண்டு வயசுப் பேஷண்ட் யாரு? இடுப்பு எலும்பையே காணோமே. நத்தையா?"

"மிஷின் சரியா இருக்கான்னு பாத்தேன் சார். அழிச்சிடுங்க."

"இதுல எதையும் அழிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏறின படம் ஏறினதுதான், சர்வர்லயே கிடக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று அவளும் கூடவே போனாள். ஸ்டுடியோக்காரர் ஃபிலிமைக் கவரில்கூடப் போடவில்லை. சுருளை அப்படியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். தலையிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு. நடுநடுவே அலை அலையாக வரி.

"கெட்டுப் போச்சு சார். வெளிச்சம் பட்டிருந்தா ஓரத்துலேருந்து கறுக்கும். இது உள்ள வரைக்கும் போயிருக்கு. ஏர்போர்ட்ல பெட்டியோட மிஷினுக்குள்ள விட்டீங்களா? எக்ஸ்ரே பட்டா இப்படித்தான் ஆகும்."

வீட்டுக்காரர் பிளேன் ஏறியதே கிடையாது. அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் அவர் ஸ்டுடியோக்காரரிடம். "ஏர்போர்ட்லதான் ஆயிருக்கும்."

"முன்துண்டும் போச்சே சார். அத வெட்டி எறிஞ்சிடாதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் ஞாபகமா கேட்டு வாங்குவீங்களே."

"பரவால்ல."

வழியில் அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கேட்டுத் தீர்த்திருப்பாள். ரோட்டைத் தாண்டும்போது எப்போதும் போல அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூடவே மண்டைக்குள் ஒரு குடைச்சல்: அது என்ன முன்துண்டு? கேட்டு வாங்குகிற அளவுக்கு அதில் யார் இருக்கிறாள்?

வீட்டுக்குப் போனதும் அவர் குளிக்கப் போனார். அவள் நேராக அலமாரிக்குப் போய் நெகடிவ் கவர்கள் இருக்கிற ஷூ பெட்டியை எடுத்தாள். இரண்டு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. பிரிண்ட்டுகளைத்தான் புரட்டி வயிறெரிந்திருக்கிறாள். முதல் கவரின் மேல் சின்னதாக ஒரு துண்டு தனியாகக் கிளிப் போட்டிருந்தது. அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்களுக்கு நெகடிவ் பார்த்தால் பேய் மாதிரி இருக்கும். அவளுக்கு அது தாய்மொழி. ஒரு பாதி வெளிச்சம் தின்று கன்னங்கறுப்பு. மறுபாதியில் வெள்ளை வெளேரென்று கூந்தல், கறுத்த முகம், வாயில் ஹேர்பின். யாரிவள் என்று ஒரு விநாடிதான் யோசித்தாள். அவளேதான்.

அடுத்த கவர். கொட்டாவி விடுகிறாள். அடுத்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு யாரையோ திட்டுகிறாள். அடுத்தது வெறும் முதுகு. அடுத்ததில் ஒரு கால் செருப்பைத் தேடிக் குனிந்திருக்கிறாள். பதினோரு கவர், பதினோரு துண்டு, ஒவ்வொன்றிலும் பாதி எரிந்துபோன அவள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் அவள் கையில் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"நான்தான் செஞ்சேன்," என்றாள் அவள்.

"தெரியும். நான் எப்ப ஏர்போர்ட்டுக்குப் போனேன்?"

"டீச்சருக்கு நாலு எடுத்தீங்க."

"ஆமா, எடுத்தேன். நல்லா இருந்துச்சு, எடுத்தேன்." மழுப்பாமல் சொன்னார். அது அவளுக்கு அந்த நேரத்திலும் சுருக்கென்று தைத்தது.

"இது என்ன?" துண்டை நீட்டினாள். "ஏன் எல்லாத்துலயும் பாதி? நோட்டுல ஏன் எழுதல?"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரோல் மாட்டினதும் ரெண்டு தடவ சும்மா அடிச்சு வீணாக்கணும். அப்பத்தான் நம்பர் ஒண்ணுக்கு வரும். அந்த ரெண்டும் கணக்குல வராது. முக்கால்வாசி வெளிச்சம் பட்டுப் பாதி எரிஞ்சுதான் போகும். எல்லாரும் செவுத்தப் பாத்து அடிப்பாங்க. நான் காலைல இந்த மேஜையிலதான் ரோல் மாட்டுவேன், எதிர நீ இருப்ப. செவுத்தப் பாத்து அடிக்க மனசு வரல."

"முழுப் படமா எடுக்க மட்டும் மனசு வரலையா?"

"அழிக்க முடியாத படம் வேண்டாம்னு நீதான சொன்ன. முத நாளே சொன்ன. அதான் எண்ணிக்கையில வர்ற எதுலயும் உன்னச் சேக்கல."

அவளுக்கு அந்தப் பேச்சு இப்போதுதான், குப்பென்று, அப்படியே ஞாபகம் வந்தது. சொன்னது அவளேதான். இரண்டு வருடமாக அவர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், இவள் வயிறெரிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த ரோல்ல?" என்று கேட்டாள்.

"அதுலயும் இருந்துச்சு. ரெண்டாவது அடிச்சது எரியாம முழுசா விழுந்திருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கு நீ பிரெட்டக் கருக்கிட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சு அந்தக் கருகுனதையே தின்னுட்டுத் தனியா சிரிச்ச. அந்த ஒண்ணுக்காகத்தான் இந்தத் தடவ காத்திருக்காம உங்கிட்டயே கழுவக் குடுத்தேன்." துண்டை வாங்கி மறுபடி கிளிப்பில் மாட்டினார். "ஃபிலிம்ல அழிக்க முடியாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். உன்னால முடிஞ்சிடுச்சு."

அன்று சமையலறையில் வெகு நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். தான் எப்போது அப்படிச் சிரித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கருகிய பிரெட் ஞாபகம் இருந்தது, சிரிப்பு இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் புது ரோலைப் பிரித்தார். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் நுனியை இழுத்துச் செருகி மூடினார். அவள் அன்றைக்குச் சீக்கிரம் எழுந்து, தலைவாரி, நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. கர்ரக். அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். அவளுக்காகவும்தான் பிடித்தார், முதல் தடவையாக அவள் அதைப் பார்த்தாள். அவளும் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேமராவை இறக்கினார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ எப்பவும் போல இரு."

அவள் எப்பவும் போல இருக்கப் பார்த்தாள். டீயை எடுத்தாள், வைத்தாள். தலைமுடியை ஒதுக்கினாள். கொட்டாவி விட்டுப் பார்த்தாள், வரவில்லை. எது செய்தாலும் கேமரா பார்க்கிறது, அது பார்க்கிறது என்று அவளுக்கும் தெரிகிறது. ஷூ பெட்டிக்குள் வாயில் ஹேர்பின்னோடு ஒருத்தி இருக்கிறாளே, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாமல் செருப்பைத் தேடிக் குனிகிறாளே, கருகினதைத் தின்றுவிட்டுத் தனியாகச் சிரித்தாளே, அவள்மேல் இப்போது இவளுக்குப் பற்றி எரிந்தது. ஐந்தாம் மாடி டீச்சர்மேல்கூட அவ்வளவு எரியவில்லை.

"நேரமாகுது," என்றார் அவர். சுவரைப் பார்த்து இரண்டு தடவை அடித்துவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பார்க்கப் போனார்.